காசியம்மாளின் மூச்சுப் பதிவேடு

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? சளி, இருமல், இழுப்பு ஒன்றும் இல்லையே? இருந்தாலும் சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருக்கிற யாராவது கட்டம் போட்ட நோட்டில் எழுதிக்கொண்டுவிடுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பிளாக்கில் அப்படித்தான் நடந்தது. அதை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சாவகாசமாகவே சொல்கிறேன்.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோவில் உள்ளே வந்தால் நல்வாழ்வுக் குடியிருப்பு வாரியம் கட்டிய பிளாக்குகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்றில் மூன்றாவது மாடி நான். எனக்கு நேர் மேலே, நான்காவது மாடியில், ஆபிரகாம் வீடு. அதற்கு மேலே மொட்டை மாடி. அதற்கு மேலே ஆண்டவர்தான், வாரியத்தின் அதிகாரம் அதுவரைக்கும் போகவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆபிரகாம் மறைமலைநகரில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. உள்ளே போகிறவர் பெயர், வண்டி நம்பர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. பதினெட்டு வருடமாக இதையே எழுதி எழுதி, நோட்டில் ஏறியதுதான் உலகத்தில் நடந்தது, ஏறாதது நடக்கவே இல்லை என்று அவனுக்கு மனசில் பதிந்துபோயிருந்தது. அவன் பெண்டாட்டி காசியம்மாள். காசி என்றுதான் கூப்பிடுவோம். எட்டாவது வரை படித்தவள், குண்டு குண்டாக அழகாக எழுதுவாள். கொஞ்சம் இழுப்பு உண்டு. ஒரே மகள் ஜெனிஃபர், நாவலூரில் ஒரு ஆபீஸில் வேலை. காலையில் ஆறு மணிக்கு இறங்கினால் ராத்திரிதான் ஏறுவாள்.

போன வருடம் ஆவணியில் வாரியம் எங்கள் மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்தது. நான்கு நாள் டிரில்லிங் மிஷின் ஓடியது. என் வீட்டு டம்ளரெல்லாம் அலமாரியில் நடந்து போனது என்றால் மேல் வீட்டில் எப்படி இருந்திருக்கும் பாருங்கள். பேனல் நிற்கிற இரும்புக் கால்களை, மாடித் தரையில் பதித்த தட்டோடுகளைத் துளைத்து, அடியில் இருக்கிற சுண்ணாம்பு ஜல்லியைத் துளைத்து, கான்கிரீட்டிலேயே போல்ட் போட்டு இறுக்கினார்கள். பெரிய அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். கேசரி கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் மொட்டை மாடிக் கதவில் ஒரு பூட்டும் ஒரு போர்டும் வந்தது. மேல்தளம் இனிமேல் திட்டச் சொத்து, குடியிருப்போர் ஏறக்கூடாது, தொடக்கூடாது, தொட்டால் விதி பதினான்கின்படி வீட்டு ஒதுக்கீடு ரத்து. அன்றிலிருந்து துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட ஆரம்பித்தோம்.

ஐப்பசி மழைக்கு ஆபிரகாம் வீட்டு ஹாலில், ஃபேன் மாட்டுகிற கொக்கியைச் சுற்றி, தோசை அளவுக்கு ஓர் ஈரம் வந்தது. கார்த்திகையில் அது சொட்ட ஆரம்பித்தது. ஃபேனுக்குக் கீழேதான் காசியின் கட்டில், இழுப்புக்குக் காற்று வேண்டும் என்று. கட்டிலை நகர்த்தினால் காற்று இல்லை, நகர்த்தாவிட்டால் தண்ணீர். ஆபிரகாம் லீவு போட்டு, மின்சார ரயில் ஏறி, செங்கல்பட்டில் வாரிய ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தான். மழைக்காலத்தில் பொறியாளர்கள் எல்லோரும் வெள்ளப் பணியில் இருப்பதால் ஒழுகலைப் பார்க்க மழை நின்றபிறகுதான் வருவார்கள் என்று சொல்லி ரசீது கொடுத்தார்கள்.

தை மாதம் பத்தாம் தேதி வாக்கில் வந்தார்கள். உதவிப் பொறியாளர் பார்த்திபன். தங்கமான மனுஷர், செருப்பை வாசலிலேயே விட்டார், காசி கொடுத்த காபியைக் குடித்தார். நாற்காலியில் ஏறி ஈரம் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எழுதினார். கசிவு காணப்படவில்லை. கறை காணப்பட்டது. கறைக்கு இப்பிரிவு பொறுப்பல்ல.

கறைக்குப் பொறுப்பு வண்ணப்பூச்சுப் பிரிவு. ஆபிரகாம் அங்கே போனான். கசிவு சரிசெய்யப்பட்டது என்று சான்று கொண்டுவந்தால் பூசுகிறோம் என்றார்கள். சான்று கேட்டுப் பார்த்திபனின் பிரிவுக்கு வந்தான். இல்லாத கசிவை எப்படிச் சரிசெய்தோம் என்று சான்று கொடுப்பது என்று கேட்டார்கள். நியாயம்தானே. அவனும் நியாயம் என்றுதான் சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

இதில் பெரிய விபரீதம் பங்குனியில் வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாள், ஏப்ரல் இரண்டாம் தேதி, ஃபேன் கொக்கியில் தண்ணீர் சொட்டுகிறது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆபிரகாம் போன் பண்ணினான். பார்த்திபன் அன்றைக்கு வேறு வேலையாகக் கூடுவாஞ்சேரி வந்திருந்தார் போல, ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார். சொட்டுகிற தண்ணீரைத் தன் கண்ணால் பார்த்தார். விரலில் தொட்டு முகர்ந்தார். ஜன்னலுக்கு வெளியே வானத்தைப் பார்த்தார். உட்கார்ந்து யோசித்தார். அப்புறம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நானும் அப்போது அங்கேதான் இருந்தேன், வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மழை இல்ல. ஆனா தண்ணி வருது. அப்போ தண்ணி மேலேர்ந்து வரல. புரியுதா சார்? மேல வானம்தான் இருக்கு, அது காஞ்சு கிடக்கு. அப்போ தண்ணி எங்கேர்ந்து வருது? உள்ளேர்ந்து. உங்ககிட்டேர்ந்து. மனுஷன் மூச்சு விடறான், அதுல ஆவி இருக்கு. ஆவி மேல போகுது, சீலிங்ல பட்டுக் குளிருது, சொட்டுது. இது ஒழுகல் இல்ல. இது நீங்கதான்."

ஆபிரகாம் காசியைப் பார்த்தான். காசி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நாங்க மூணு பேர்தான் சார் கீறோம்," என்றான் ஆபிரகாம்.

"மூணு பேரே அதிகம். இந்த ஹாலோட கொள்ளளவுக்கு," என்றார் பார்த்திபன். துணிக்கொடியைப் பார்த்துவிட்டு, ஈரத் துணியை வீட்டுக்குள் காயப்போடுகிற பழக்கத்தைப் பற்றியும் நான்கு வார்த்தை வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்த வாரமே வாரியத்திலிருந்து ஒரு பதிவேடு வந்தது. குடியிருப்போர் சுவாச மற்றும் ஆவிப் பதிவேடு என்று அட்டையில் அச்சடித்திருந்தது. தேதி, வெயிலா மழையா, வீட்டிலிருந்த நபர்கள், குக்கர் விசில் எத்தனை, இட்லி எத்தனை ஈடு, வெந்நீர்க் குளியல் எத்தனை, இருமல் எத்தனை, கடைசிக் கட்டத்தில் சீலிங் ஈரமா உலர்வா. ஆபிரகாம் அதைப் பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான் என்றே சொல்ல வேண்டும். அவனுக்குப் பழகின உலகம் அது. ஆனால் பகலில் அவன் டியூட்டியில் இருப்பதால் எழுதுகிற வேலை காசியிடம் வந்தது. அவள் பொய் எழுத மாட்டாள். மூன்று தரம் இருமினால் மூன்று. தூக்கத்தில் இருமியது கணக்கா என்று என்னிடம் வந்து கேட்டாள்.

மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரத்துக்கு இரண்டு ஈடு இட்லிதான். புட்டு பண்டிகைக்கு மட்டும். ஓர் இருமல் எட்டு மூச்சுக்குச் சமம் என்று எண்ணிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் காசிக்காக ஜெபிக்கச் சபையார் பதினான்கு பேர் வருவார்கள். கூட்டாகச் சுவாசிப்பதற்குப் பதினைந்து நாள் முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும் என்று வந்தது. போதகர் சாலமோன் மனு எழுதினார். எத்தனை பாட்டு, ஒவ்வொரு பாட்டிலும் எத்தனை சரணம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்தார். பாட்டில்லாமல், வாய் திறக்காமல் ஜெபித்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை பதினான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் சாலமோன் பேசாமல் இருந்து எங்கள் பிளாக்கில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து நான்கு பேர்தான் வந்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

சிரிக்கிறீர்களா? நானும் அப்போது சிரித்தேன். இட்லி விஷயத்துக்கு மொத்தப் பிளாக்கும் சிரித்தது.

காசி சிரிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் மாடிப்படியில் இருமல் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில், ஜன்னல் இருக்கிற திருப்பத்தில், படியில் உட்கார்ந்து வாயில் டவலை வைத்து இருமிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பதிவேடு. வீட்டுக்குள்ளே இருமினால் சீலிங்குக்குப் போகும், இங்கே இருமினால் ஜன்னல் வழியாக வெளியே போய்விடும் என்றாள். வெளியே இருமியதையும் எழுதியிருந்தாள், ஓரத்தில் 'படியில்' என்று குறித்து.

உள்ளே வாடி, என் வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"வேணாம் பெரிம்மா," என்றாள். "அப்பறம் உன் வூட்டு சீலிங்கும் ஊறிப்பூடும். எனக்கு எதுக்கு அந்தப் பாவம்."

வைகாசி, ஆனி, ஆடி. சீலிங்கில் ஈரம் வந்துபோய் வந்துபோய் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. அந்தப் பூஞ்சைக்குக் கீழேதான் அவள் படுத்தாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதி மூச்சுத் திணறல் அதிகமாகி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் சீலிங்கில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பார்த்திபன் நேரில் வந்து பார்த்தார். மூவரில் ஒருவர் இல்லாதபோது சீலிங் உலர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது என்று பதிவேட்டின் கீழே சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஆபிரகாமின் தோளைத் தட்டிவிட்டும் போனார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் மாஸ்க்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுக் காசி கேட்டாளாம், "வூடு காஞ்சிச்சா?"

ஆபிரகாம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவன் செக்யூரிட்டி. நோட்டில் இருப்பதைச் சொல்கிறவன். "காஞ்சி கீது," என்றான்.

"அப்போ நான்தான்," என்று சொல்லிவிட்டு மாஸ்க்கைத் தானே சரியாக வைத்துக்கொண்டாளாம்.

பதினான்காம் தேதி வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். பதினாறாம் தேதி சீலிங் ஈரமானது. அதற்கப்புறம் அவளை வீட்டுக்குள் உட்காரவைக்க முடியவில்லை. படியில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஆகஸ்ட் கடைசியில், அந்தப் படியில்தான், மத்தியானம் மூன்று மணிக்கு, என் கதவுக்கு எட்டு படி மேலே, போய்விட்டாள். பதிவேட்டில் அன்றைக்கு இருமல் கட்டத்தில் நாற்பத்தொன்று என்று இருந்தது. சீலிங் கட்டம் காலி. அதை அவள் சாயங்காலம்தான் எழுதுவாள்.

அடக்கம் முடிந்து பத்து நாளைக்கு மேல் இருக்கும். ஆபிரகாமின் ஊர்க்காரன் முனிசாமி துக்கம் விசாரிக்க வந்திருந்தான். முப்பது வருடமாக மொட்டை மாடிகளுக்குத் தட்டோடு பதிக்கிற கொத்தனார். நானும் இருந்தேன். ஜெனிஃபர் அம்மாவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பதிவேட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். புரட்டினவள் நின்றாள். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"நைனா," என்றாள். "அம்மா நூத்தி நாப்பது வாட்டி இருமின அன்னிக்கி சீலிங் காஞ்சி கீது. பத்து வாட்டி கூட இருமாத அன்னிக்கி ஈரம்னு எழுதிகீறாங்க. ஈரம் அல்லாமே ரெண்டாந்தேதி, பதினாறாந்தேதி. வேற தேதியே இல்ல."

முனிசாமி பதிவேட்டை வாங்கிப் பார்த்தான். ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் இந்த மாடியில் என்ன நடக்கிறது என்று கேட்டான்.

எனக்குத்தான் தெரியும். மோகன் வருகிற நாள். பேனலைக் கழுவுகிற காண்டிராக்ட்காரரிடம் வேலை செய்கிறவன், தோளில் ஹோஸ் பைப்போடு படியேறி, என் வீட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மேலே போவான். ஏப்ரல் பிறந்ததிலிருந்து மாதம் இரண்டு தரம் தவறாமல் கழுவுகிறான். அவனுக்குத் தண்ணீர் கொடுத்த நானே இத்தனை மாதமாக அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பேனல் கழுவுவது வாரியத்தில் வேறு பிரிவு, பார்த்திபனுக்கும் தெரியாதாம். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்தே இருந்தது.

முனிசாமி சொன்னான், "தண்ணி எங்க பூருதோ அங்கயே எறங்காது பெரிம்மா. ஓட்டுக்கு அடீல நைஸா ஊர்ந்துகினு போவும். கரண்டு கம்பி போற பைப்பு ஆப்டா அதுல பூந்து, ஃபேன் கொக்கில வந்துதான் மொகத்தக் காட்டும். அதுக்கு ஒரு நாளு ஆவும். அதான் ஒண்ணாந்தேதி கழுவுனா ரெண்டாந்தேதி சொட்டுது. இதுல மூச்சி எங்க வந்துச்சி?"

செப்டம்பர் பதினைந்தாம் தேதி மோகன் பூட்டைத் திறந்தபோது அவனோடு முனிசாமியும் ஆபிரகாமும் மேலே போனார்கள். மோகன் தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பேனல் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சாவியையும் கொடுத்தான்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். முதலில் நன்றாகக் காயவிட்டார்கள். அப்புறம் ஓர் இரும்புக் காலைச் சுற்றிக் களிமண்ணால் சின்னதாக வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார்கள். கீழே ஒன்றும் வரவில்லை என்றால் அந்தக் கால் நல்லது. அடுத்த கால். தண்ணீரில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்தான் முனிசாமி. மூன்றாவது காலுக்கு, மறுநாள் காலையில், ஃபேன் கொக்கியிலிருந்து நீலமாக ஒரு சொட்டு இறங்கியது.

ஆபிரகாம் அதை விரலில் வாங்கினான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"அவ இன்னா நீலமாவா மூச்சி வுட்டா," என்றான்.

அந்தக் காலுக்கு அடியில் தட்டோடு விரிசல் விட்டிருந்தது. போல்ட்டைவிட ஓட்டை பெரிது, சுற்றிலும் இடைவெளி, அதை அடைக்கவே இல்லை. மேலே வட்டமாக ஒரு வாஷரைப் போட்டு மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள், வெளியே பார்த்தால் தெரியாது. முனிசாமி சுற்றியிருந்த நான்கு தட்டோடுகளைப் பெயர்த்து, நனைந்து சேறான ஜல்லியைச் சுரண்டி எடுத்து, ஓட்டையிலிருந்து தூசியெல்லாம் ஊதி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டான். காயாமல் அடைத்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே தள்ளிவிடும் என்றான். அப்புறம் சுருங்காத சிமெண்டுக் கலவையை ஊற்றி ஓட்டையை நிரப்பினான். அதன்மேல் நீர்த்தடுப்புப் பூச்சு, நடுவில் வலைத்துணி, மறுநாள் குறுக்காக இன்னொரு பூச்சு. காலைச் சுற்றி, தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடுகிற மாதிரி, குழவிக்கல் மாதிரி சரிவாகக் கட்டினான். கடைசியாகத் தட்டோடுகளைப் பதித்து, மறுபடி வரப்பு கட்டி ஒரு நாள் தண்ணீர் நிறுத்தினான். கீழே ஒன்றும் வரவில்லை. மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, நடுவில் சில சாயங்காலம். இவ்வளவுதான் விஷயம்.

அக்டோபர் மழையில் சீலிங் காய்ந்தே இருந்தது. காசி இல்லாத வீடு, காய்ந்த சீலிங். ஆபிரகாம் ஃபேனைப் போட்டுவிட்டு அதற்குக் கீழே சும்மா உட்கார்ந்திருப்பான்.

அப்போதுதான் பார்த்திபன் வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். கொட்டுகிற மழையில் சொட்டு ஈரம் இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது, அது மட்டும் நிஜம்.

"உங்க இழப்பு பெரிய இழப்பு சார். நான் மனசாரச் சொல்றேன். ஆனா டெக்னிக்கலா பாத்தீங்கன்னா, இது வாரியத்துக்குக் கிடைச்ச பெரிய வெற்றி. மூணு பேர் இருந்தப்போ ஈரம். ரெண்டு பேர் ஆனதும், அடை மழையிலயும் சைபர். நான் சொன்னப்போ ஆபீஸ்லயே சிரிச்சாங்க. இனிமே யாரு சிரிப்பாங்க? தலைமைப் பொறியாளரே நேர்ல வர்றார். உங்க வீட்டை முன்மாதிரி இல்லம்னு அறிவிக்கப் போறோம். அம்மாவோட பேர் வாரிய வரலாற்றுல நிக்கும்."

ஒரு படிவத்தை நீட்டினார். ஈரத்திற்கான காரணம் என்று ஒரே ஒரு கட்டம். அதில் டைப் அடித்திருந்தது: காலஞ்சென்ற காசியம்மாள் அவர்களின் சுவாசம். கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து.

ஆபிரகாம் படித்தான். யாராவது மேலே போய் ஓட்டையை அடைத்திருந்தால் என்று மெல்லக் கேட்டான். அப்படியெல்லாம் செய்தால் விதி பதினான்கு, ஒதுக்கீடு ரத்து, நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்றார் பார்த்திபன். கையெழுத்துக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றான். கையெழுத்து இல்லாவிட்டாலும் படிவம் செல்லும், இருந்தால் அழகாக இருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். குழு வருகிற தேதி இருபத்தெட்டு.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அவர்கள் இரண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். போட்டுவிடு நைனா, வீடு போனால் எங்கே போவோம், நாவலூரில் ஒற்றை அறைக்கே என் சம்பளம் போய்விடும் என்று முதலில் ஜெனிஃபர்தான் சொன்னாள். ஆபிரகாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். எழுதிவிட்டார்கள், எழுதியது எழுதியதுதான், அழிக்க முடியாது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த ஜெனிஃபர் அப்படியே வைத்துவிட்டாள்.

"அம்மா மூச்சிதான் காரணம்னு எழுதின வூட்ல நான் எப்டி நைனா படுப்பேன்," என்றாள். "நீ அடைச்சத நானே போயி நோண்டுறேன். அவங்க வர்ற அன்னிக்கி அவங்க தலைலயே சொட்டட்டும்."

மறுநாள் முனிசாமியிடம் போனார்கள். அவன் கோபித்துக்கொண்டான். முப்பது வருடத்தில் ஒழுகுகிற மாதிரி தான் ஒரு வேலையும் செய்ததில்லை என்றான். ஒரு நாள் முழுக்கப் போனை எடுக்கவில்லை. அப்புறம் அவனே உளியோடு வந்து, தான் கட்டின சரிவை ஒரு பக்கமாக மட்டும் அளவாகத் திறந்து, ஓட்டையைப் பழையபடி துளைத்துக் கொடுத்தான். அதையும் ஒழுங்காகத்தான் செய்தான்.

மழை வேண்டும் என்று கவலைப்படவேண்டி இருக்கவில்லை. தலைமைப் பொறியாளரோடு போட்டோகிராபர் வருவதால், பேனல்கள் பளபளவென்று இருக்க வேண்டும் என்று வாரியமே உத்தரவு போட்டது. இருபத்தேழாம் தேதி காலையிலிருந்து சாயங்காலம் வரை மோகன் ஹோஸ் பைப்பால் கழுவினான்.

இருபத்தெட்டாம் தேதி வெயில். குழுவில் பதினோரு பேர். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் பதினோரு பேரும், ஒரு பேனரும், அப்புறம் நாங்களும். கட்டில் இருந்த இடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் படிவத்தை மேஜையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஒரு குடும்பம் தன் சுவாசத்தைத் தானே முறைப்படுத்திக்கொள்ளும்போது கட்டடம் நூறாண்டு நிற்கிறது என்றார். குறை கட்டடத்தில் இல்லை, குடியிருப்பதில்தான் இருக்கிறது என்பதை இந்த எளிய இல்லம் உலகத்துக்கு எடுத்துச் சொல்கிறது என்றார். யாருமே குடியிருக்காத வீடுகளில் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை என்று புள்ளிவிவரம் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டல் முடியும்போது படிவத்தின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

பதினோரு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆபிரகாம் பார்க்கவில்லை, அவன் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ போயி ரெண்டு மாசம் ஆச்சி சார்," என்றான். "இது யார் மூச்சி? எழுதிக் குடுங்க."

தலைமைப் பொறியாளர் பார்த்திபனைப் பார்த்தார். பார்த்திபன் சீலிங்கைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார், அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், நாம பதினோரு பேர்," என்றார். "அதுவும் கை வேற தட்டினோம்."

அறையில் ஒரு நிம்மதி பரவியதை நான் கண்ணால் பார்த்தேன். சரியான விளக்கம் கிடைத்தால் படித்தவர்களுக்கு வருகிற நிம்மதி. தலைமைப் பொறியாளர் தலையசைத்தார். கொள்கை மீண்டும் ஒருமுறை நிரூபணமாகியிருக்கிறது, அப்படியே பதிவு செய்யுங்கள் என்றார். ஒரு வீட்டுக்கு ஒரு காரணம்தான், படிவத்தில் ஒரு கட்டம்தான். ஆகவே பார்த்திபன் காசியின் பெயரை ஸ்கேல் வைத்து நேராக அடித்தார். அதற்கு மேலே ஆய்வுக் குழுவினரின் சுவாசம் என்று எழுதினார். இடம் போதவில்லை, பின்பக்கம் பதினோரு பேர் பெயரும் பதவியும் எழுதினார். ஆபிரகாம் கூடவே நின்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினான். நகலில் முத்திரை வாங்கினான். பிறகு அவர்கள், ஈரம் அதிகமாகிவிடக்கூடாது என்று, இரண்டிரண்டு பேராக வெளியேறினார்கள்.

முனிசாமி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே வந்து அடைத்துவிட்டான். இப்போது சீலிங் காய்ந்திருக்கிறது. அதிகாரிகள் கூட்டமாக எங்கள் பிளாக்குக்குள் வரக்கூடாது என்று வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. யாரும் வருவதில்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். நானும் அவர்களோடு போனேன். காசிக்கு இன்னும் கல் வைக்கவில்லை. மண்மேடும் மரச் சிலுவையும்தான். ஜெனிஃபர் சாமந்தி மாலை போட்டாள். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை, கையை வைத்து மறைத்துக்கொண்டாள். ஆபிரகாம் சட்டைப் பையிலிருந்து அந்த நகலை எடுத்து, பிரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தான். நாள், பார்வை, பொருள் என்று ஆரம்பித்து ஒன்றும் விடவில்லை. தலைமைப் பொறியாளர் என்று படித்தான். செயற்பொறியாளர் என்று படித்தான். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பதினோராவது பெயர் வரைக்கும், போட்டோகிராபர் பெயர் வரைக்கும், நிறுத்தி நிறுத்தி, அவள் எழுதிக்கொள்ள நேரம் கொடுப்பதுபோலப் படித்தான். அப்புறம் குனிந்தான்.

"கேட்டியா காசி," என்றான். "உன்னால இல்லியாம்."

ஜெனிஃபர் அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சரி, நான் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் மேலே ஏதாவது துளைத்திருப்பார்கள், கீழே ஏதாவது சொட்டியிருக்கும். யார் வந்து பார்த்தார்கள், என்ன காரணம் எழுதினார்கள், யார் பெயரில் எழுதினார்கள், உங்கள் வீட்டில் அதை யாராவது நம்பிவிட்டார்களா என்று எனக்கு எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்கு நேரம் இருக்கிறது, எல்லாவற்றையும் படிப்பேன்.